வண்டியில ஒரு வழிகாட்டி

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், நமது கணக்காளரும் குழு உறுப்பினருமான சகோதரி பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்களும் படித்துப் பயன்பெற வேண்டும் என்பதற்காக, அவர் பேசியபடியே பெரும்பாலும் தந்திருக்கிறோம்.)



எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. ரொக்கப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னா வாசிச்சிருவேன். தலைவி அக்கா போன மாசம், "நீ வண்டியில ஏதோ மாட்டியிருக்கியே, அதைப் பத்திச் சொல்லு, நாலு பேருக்குப் பயன்படும்"னு சொன்னாங்க. அதனால வந்து நிக்கிறேன். தப்பு இருந்தா மன்னிச்சிருங்க.

சைக்கிள்ல ஆரம்பிச்சது

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1990-களோட தொடக்கத்துல அறிவொளி இயக்கம் வந்தப்ப, எழுத்துப் படிக்கிறதோட சேர்த்துப் பொம்பளைங்களுக்குச் சைக்கிளும் கத்துக் குடுத்தாங்க. அப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா அதுக்கு முன்ன நின்னாங்க. கல்குவாரியில வேலை பார்த்தவங்க, விவசாயக் கூலிக்குப் போனவங்க, நர்சம்மா, டீச்சர்னு ஆயிரக்கணக்கான பெண்கள் கத்துக்கிட்டாங்க. எங்க அம்மாவும் அதுல ஒருத்தி. ஆம்பளை சைக்கிள்ல குறுக்குக் கம்பிக்கு மேல காலைத் தூக்கிப் போட்டு ஓட்டுவாங்க. ஊர்ல கேலி பேசினாங்க. அம்மா கேட்டுக்கிட்டே மிதிச்சுப் போயிட்டாங்க.

அந்தச் சைக்கிளோட அடுத்த படிதான் இன்னைக்கு நான் ஓட்டுற மொபெட். வங்கி இணைப்புக் கடன்ல வாங்கினது, தவணை முடிஞ்சு போச்சு. 11 குழுக்களுக்குக் கணக்கு எழுதுறேன். ஒரு நாளைக்கு 30, 40 கிலோமீட்டர் ஓட்டுறேன். கண்மாய்க் கரை, மண் ரோடு, தைல மரக்காடு எல்லாம் என் பாதைதான்.

கையில போன், ஆட்டுக்குட்டி குறுக்கே

இப்ப நான் விழுந்த கதையைச் சொல்றேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு, ஆனா சொல்லாம விட்டா நீங்களும் விழுவீங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, கார்த்திகை மாசம். புதுசா ஒரு குழு ஆரம்பிச்சிருந்தாங்க, எனக்குத் தெரியாத குடியிருப்பு. கூட்டம் சாயங்காலம் 6 மணிக்கு. இருட்டிக்கிட்டு வந்திருச்சு. செல்போன்ல மேப்பைப் போட்டு, இடது கையில போனைப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால மட்டும் வண்டியைப் பிடிச்சு ஓட்டினேன். "அடுத்த திருப்பம் எங்க?"னு ஒரு தடவை கீழ குனிஞ்சு பார்த்தேன். நிமிர்றதுக்குள்ள ஆட்டுக்குட்டி குறுக்கே வந்திருச்சு. பிரேக் பிடிக்க இடது கை வரலை. வண்டியோட சாஞ்சேன்.

இடது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சது. பைக்குள்ள ரெண்டு குழுவோட சேமிப்புப் பணமும் கணக்குப் புத்தகங்களும் இருந்துச்சு. பணத்தை அந்த ஊர்க்காரங்க பொறுக்கி எண்ணிக் குடுத்தாங்க, அவங்களுக்குப் புண்ணியம். புத்தகம் ரெண்டு சேத்துத் தண்ணியில விழுந்து மை கரைஞ்சு போச்சு. 40 நாள் மாவுக்கட்டு. அந்த 40 நாளும் 11 குழுவுக்கும் கணக்கு எழுத ஆள் இல்லை. ஒரு குழு வங்கிக்குக் கடன் மனு குடுக்க வேண்டிய நேரத்துல புத்தகம் முடிக்காம இருந்ததால, அவங்க கடன் ரெண்டு மாசம் தள்ளிப் போச்சு. அதுல ஒரு அக்கா மாடு வாங்க முன்பணம் குடுத்திருந்தாங்க. அந்த மாடு கை விட்டுப் போச்சு. இன்னைக்கும் அந்த அக்கா என்னை ஒண்ணும் கேட்டதில்லை. கேட்காததுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

நான் ஒரு நிமிஷம் குனிஞ்சதுக்கு விலை இவ்வளவு. கட்டுப் பிரிச்ச அன்னைக்கே முடிவு பண்ணினேன், இனி வண்டி ஓடும்போது கையில போன் கிடையாதுன்னு. ஆனா வழி தெரியாத ஊருக்குப் போய்த்தானே ஆகணும்? அதனாலதான் போனை வண்டியிலேயே மாட்டினேன்.

ஜி.பி.எஸ். என்பது என்ன?

முதல்ல இது என்னன்னு புரிஞ்சுக்கணும். ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க நாடு விண்வெளியில சுத்த விட்டிருக்கிற செயற்கைக்கோள்களோட கூட்டம். பூமிக்கு மேல சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்துல, குறைஞ்சது 24 கோள்கள் எப்பவும் வேலை செய்யிற மாதிரி வச்சிருக்காங்க. ஒவ்வொண்ணும் "நான் இங்க இருக்கேன், இப்ப மணி இவ்வளவு"னு ரேடியோ அலையில சொல்லிக்கிட்டே இருக்கும். நம்ம போன் அதைக் கேட்டு, அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்த்து, தூரத்தைக் கணக்குப் போடும். சுத்தி இருக்கிற கோயில் மணிச் சத்தங்களை வச்சு நாம எந்த ஊர்ப் பக்கம் நிக்கிறோம்னு குறிப்பாச் சொல்லிருவோம் இல்லையா, அந்த மாதிரி. இடத்தைச் சரியாச் சொல்ல நாலு கோளோட சத்தமாவது கேட்கணும். நம்ம நாட்டு இஸ்ரோவும் நாவிக் என்ற பேர்ல இதே வேலைக்குன்னு 2013 முதல் கோள்களை ஏவியிருக்கு.

இதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, கோள் பேசுறதைக் கேட்கக் காசு கிடையாது, டவரும் வேண்டாம். டவர் இல்லாத காட்டுலயும் நாம நிக்கிற இடம் போனுக்குத் தெரியும். ஆனா மேப் படம் வர்றதுக்குத்தான் நெட் வேணும். அதனால வீட்டிலயோ டவர் இருக்கிற இடத்திலயோ நம்ம வட்டார மேப்பை முன்னாடியே போன்ல இறக்கி வச்சுக்கிட்டா, வழியில நெட் இல்லாட்டியும் ஓடும். ரெண்டாவது, நம்ம தமிழ்லயே பேசும். கூகுள் மேப்ஸ்ல 2017 கடைசியில இரண்டு சக்கர வண்டிக்குன்னு தனி வழி குடுத்தாங்க, 2018-ல தமிழ்க் குரலும் வந்துச்சு. "இடதுபுறம் திரும்பவும்"னு அது சொல்ல, நாம ரோட்டைப் பார்த்து ஓட்டினாப் போதும். படிக்கத் தெரியாதவங்களுக்கும் இது உதவும்.

மாட்டின விதம்

டவுன்ல கடைக்குப் போனா பத்து விதமான ஹோல்டர் தொங்குது. நான் முதல்ல வாங்கினது விலை குறைஞ்ச பிளாஸ்டிக். வேகத்தடையில ஒரு தடவை குதிச்சதும் போன் பறந்து போச்சு, கண்ணாடி விரிசல். ரெண்டாவது தடவை மெக்கானிக் தம்பிகிட்டக் கேட்டு வாங்கினேன். அதுல நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

ஹேண்டில் கம்பி வெளிய தெரியிற மொபெட், பைக்குக்குக் கம்பியைச் சுத்திப் பிடிக்கிற கிளாம்ப் ஹோல்டர் சரி. ஸ்கூட்டியில ஹேண்டிலைப் பிளாஸ்டிக் மூடியிருக்கும், அதுக்குக் கண்ணாடித் தண்டுல மாட்டுற வகை வாங்கணும். போனோட நாலு மூலையையும் பிடிக்கிறதா, இரும்பு இல்லைன்னா கெட்டி அலுமினியமா இருந்தா நல்லது. கம்பிக்கும் கிளாம்ப்புக்கும் நடுவுல ரப்பர் துண்டு வைக்கணும். பழைய டியூப்ல வெட்டின துண்டே போதும். ரப்பர் இல்லாட்டி ஓட ஓடச் சுத்தி, போன் குப்புறத் தொங்கிரும்.

அதிர்வைப் பத்தியும் சொல்லணும். பைக் எஞ்சினோட அதிர்வு நீண்ட நாள் பட்டா போன் கேமரா கெட்டுப் போகலாம்னு ஐபோன் செய்யிற ஆப்பிள் கம்பெனியே 2021-ல எச்சரிக்கை குடுத்தாங்க. அதிர்வைத் தாங்குற ரப்பர் புஷ் வச்ச ஹோல்டரும் இருக்கு. விலை கூடின போன் வச்சிருக்கிறவங்க அதைப் பாருங்க. நான் என் பழைய போனைத்தான் வண்டிக்கு வச்சிருக்கேன்.

இப்ப எல்லாத்திலயும் முக்கியமானதைச் சொல்றேன், காது குடுத்துக் கேளுங்க. ஹோல்டரை மாட்டினதும் உடனே ஓட்டிப் போயிராதீங்க. வண்டியை நடு ஸ்டாண்டுல நிறுத்தி, எஞ்சினை அணைச்சு, ஹேண்டிலை இடது பக்கம் முழுசாத் திருப்புங்க, வலது பக்கம் முழுசாத் திருப்புங்க. ரெண்டு பக்கமும் ஆக்சிலேட்டரைத் திருகி விடுங்க. டக்குன்னு தானே திரும்பி வரணும். பிரேக்கையும் பிடிச்சுப் பாருங்க. எனக்கு மாட்டினப்ப, வலது பக்கம் முழுசாத் திருப்பினா ஹோல்டர் ஆக்சிலேட்டர் கேபிளை அமுக்குச்சு. திருகினது திரும்பி வரலை. அப்படியே ரோட்டுக்குப் போயிருந்தா, திருப்பத்துல வண்டி தன்னால பாய்ஞ்சிருக்கும். ரெண்டு விரக்கடை தள்ளி மாட்டினதும் சரியாச்சு. ஸ்பீடாமீட்டரை மறைக்கக் கூடாது, இண்டிகேட்டர் லைட்டை மறைக்கக் கூடாது. கண் ரொம்பக் கீழ போகாம, தலையைக் குனியாம பார்க்கிற உயரத்துல இருக்கணும்.

சார்ஜ்

மேப் போட்டா போன் சார்ஜ் வேகமா இறங்கும். பேட்டரி இருக்கிற வண்டியில யு.எஸ்.பி. சார்ஜர் மாட்டலாம். வண்டி பேட்டரி 12 வோல்ட், போனுக்கு வேண்டியது 5 வோல்ட், அதை மாத்திக் குடுக்கிறதுதான் அந்தச் சின்னப் பெட்டி. வயரிங்ல ரெண்டு விஷயத்தை மெக்கானிக்கிட்டக் கேட்டு வாங்குங்க. ஒண்ணு, நடுவுல ஃபியூஸ் இருக்கணும். வயர் உரசித் தோல் போனாலும் ஃபியூஸ்தான் போகும், வண்டி தீப்பிடிக்காது. ரெண்டு, சாவியை அணைச்சா சார்ஜரும் அணையிற மாதிரி சாவி வழியா வர்ற லைன்ல குடுக்கணும். நேரா பேட்டரியில குடுத்தா ராத்திரியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, நாலு நாள் வண்டி எடுக்காம விட்டா பேட்டரி படுத்துரும். சாவியை எடுத்ததும் சார்ஜர் லைட் எரியுதான்னு பாருங்க. எரிஞ்சா திரும்ப மாத்தச் சொல்லுங்க. பழைய மொபெட் சிலதுல பேட்டரியே கிடையாது. அதுல வயரிங்ல கை வைக்க வேண்டாம், போனை முழுசா சார்ஜ் போட்டுட்டுக் கிளம்புங்க, இல்லைன்னா பவர் பேங்க் வச்சுக்கோங்க.

எனக்கு ஆன செலவு: ஹோல்டர் 450 ரூபாய், சார்ஜர் 380, மாட்டுக் கூலி 150. மொத்தம் 980. குழுவுல உள்கடன் 1,000 எடுத்து, மாசம் 200 அசலோட வட்டியும் சேர்த்து 5 மாசத்துல கட்டி முடிச்சேன். கடன் கேட்டப்ப சிரிச்சாங்க. "மேப் மாட்ட ஒரு கடனா?"ன்னாங்க. என் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன். அதுக்கப்புறம் தீர்மானம் எழுதினாங்க.

சட்டம் என்ன சொல்லுது?

வண்டி ஓட்டும்போது கையில போன் வச்சிருந்தா அபராதம் உண்டு. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வண்டியில போனை வழி பார்க்க மட்டும்தான் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுறவங்க கவனம் சிதறாத மாதிரி. பேசுறதுக்கோ, வாட்ஸ்அப் பார்க்கிறதுக்கோ அனுமதி இல்லை. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே ஊர் பேரைப் போட்டுருங்க. வழியில மாத்தணும்னா ஓரமா நிறுத்தி மாத்துங்க. போன் அடிச்சா அடிக்கட்டும். வீட்டுக்காரரா இருந்தாலும் சரி, மேனேஜரா இருந்தாலும் சரி, நிறுத்தின பிறகு பேசலாம். ஹெல்மெட் போடுங்க. நான் விழுந்த அன்னைக்கு ஹெல்மெட் இருந்ததாலதான் இன்னைக்கு உங்க முன்னாடி நிக்கிறேன்.

மேப்பும் தப்புச் சொல்லும்

திறந்த வெளியில போன் சொல்ற இடம் சுமார் 5 மீட்டர் முன்ன பின்ன இருக்கலாம். புளிய மரத்தடியிலயும் கட்டடத்துக்கு நடுவுலயும் இன்னும் கூடும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பாதை இருந்தா எதுல போறோம்னு அதுக்கே குழப்பம் வரும். அதை விடப் பெருசு, அந்தப் பாதையில இன்னைக்குத் தண்ணி ஓடுதா, இல்லையான்னு மேப்புக்குத் தெரியாது. போன ஐப்பசியில என்னை ஒரு கண்மாய்க் கலுங்கு மேல போகச் சொல்லுச்சு. தண்ணி முழங்கால் அளவு ஓடுது. அங்க ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த பெரியவர், "ஆத்தா, சுத்திப் போ"ன்னார். சுத்தித்தான் போனேன். 7 கிலோமீட்டர் கூடுதல். மேப்பைக் கேளுங்க, ஊர்க்காரங்களையும் கேளுங்க, கடைசியில உங்க கண்ணை நம்புங்க.

யார் பார்க்கிறது?

இன்னொரு விஷயம். இதைச் சொல்லணுமா வேண்டாமான்னு யோசிச்சேன். சம்பந்தப்பட்ட தங்கச்சி சொல்லலாம்னு சொன்னதால சொல்றேன், பேர் வேண்டாம்.

அந்தத் தங்கச்சி மீன் வியாபாரம். விடியக்காலம் கடற்கரைக்குப் போய் மீன் எடுத்து, உள்ளூர்கள்ல விப்பாங்க. குழுக் கடன்ல வாங்கின வண்டி வாரச்சந்தையில திருடு போச்சு. வண்டி போன பிறகும் தவணை கட்டினாங்க. அடுத்த வண்டி வாங்கினப்ப, அவங்க அண்ணன் டிராக்கர் கருவி வாங்கி மாட்டிக் குடுத்தார். தீப்பெட்டி அளவுக்குத்தான் இருக்கும். சீட்டுக்கு அடியில மறைவா மாட்டுவாங்க. உள்ள ஜி.பி.எஸ்-ஸும் ஒரு சிம் கார்டும் இருக்கும். வண்டி நிக்கிற இடத்தை சிம் வழியா நம்ம போனுக்கு அனுப்பும். நல்ல கருவிதான். சிம்முக்கு ரீசார்ஜ் போடலைன்னா வேலை செய்யாது, அதை மறக்கக் கூடாது. சிலதுல தூரத்துல இருந்தே எஞ்சினை அணைக்கிற வசதியும் இருக்கு. ஓடுற வண்டியை அப்படி அணைச்சா ஓட்டுறவங்க விழுந்துருவாங்க, அதனால அந்த வயரை இணைக்காம விடுறதே நல்லதுன்னு எங்க மெக்கானிக் தம்பி சொன்னார்.

ஆனா நடந்தது என்ன? கருவியோட செயலி அண்ணன் போன்ல இருந்துச்சு. தங்கச்சி ஒரு இடத்துல 10 நிமிஷம் நின்னாப் போன் வரும். "அங்க என்ன நிக்கிற? யார் வீடு அது?" மீன் பாக்கி வசூலிக்க நின்னாலும் கேள்வி, குழுக் கூட்டத்துக்கு வந்தாலும் கேள்வி. ரெண்டு மாசத்துல அந்தத் தங்கச்சி, "வண்டி திருடு போனாலும் பரவாயில்லை, இதைக் கழட்டிருங்க"ன்னு அழுதாங்க.

குழுவுல ரெண்டு கூட்டம் இதைப் பேசினோம். "அண்ணன் நல்லதுக்குத்தானே செஞ்சார்"ன்னு பாதிப் பேர். "சம்பாதிக்கிறது அவ, கடன் கட்டுறது அவ, வண்டி அவ பேர்ல. அவ போற வழியை ஏன் இன்னொருத்தர் பார்க்கணும்?"னு மீதிப் பேர். கடைசியில தீர்மானப் புத்தகத்துல எழுதினோம்: குழுக் கடன்ல வாங்கின வண்டியில கருவி மாட்டினா, செயலியும் கடவுச்சொல்லும் ஓட்டுற உறுப்பினர் கையில இருக்கணும். வேற யார் பார்க்கலாம்னு அவங்கதான் சொல்லணும். இப்ப கருவி வண்டியிலதான் இருக்கு. செயலி தங்கச்சி போன்ல. ராத்திரிப் பயணம்னா அவங்களே பக்கத்து வீட்டு அக்காவுக்கு இடத்தை அனுப்புறாங்க. அண்ணன் இன்னும் சரியாப் பேசுறதில்லை. நாளாகும்னு நினைக்கிறேன்.

எங்க அம்மா சைக்கிள் ஓட்டினப்ப, "எங்கடி போற?"ன்னு தெருவே கேட்டுச்சு. இன்னைக்கு அதே கேள்வியைக் கருவி மூலமாக் கேட்கலாம். கருவி மேல தப்பில்லை. யார் கையில இருக்குங்கிறதுதான் கேள்வி. ஆபத்து நேரத்துல நாம இருக்கிற இடத்தை நாமே அனுப்பத் தெரிஞ்சுக்கணும். 108-க்குப் போன் பண்ணினா "எந்த இடம்?"னு முதல்ல கேட்பாங்க. இருட்டுல, தெரியாத ரோட்டுல அதுக்குப் பதில் சொல்ல மேப் உதவும். அதுக்காக நிச்சயம் கத்துக்கோங்க.

கூட்டம் முடிஞ்சதும் என் வண்டி வெளிய வேப்ப மரத்தடியில நிக்கும். ஹோல்டரைத் தொட்டுப் பார்க்கலாம், மேப் இறக்கிறதையும் காட்டித் தர்றேன்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

மழையில் போன் நனையாதா?
நனையும். மூடி வச்ச ஹோல்டர் இருக்கு, தூறலுக்குப் போதும். பெரிய மழைன்னா போனை எடுத்து பிளாஸ்டிக் பையில சுத்திப் பைக்குள்ள வச்சிருங்க, குரலை மட்டும் கேட்டுப் போங்க. வெயில்லயும் கவனம் வேணும். மூடி போட்ட ஹோல்டர்ல சித்திரை வெயில் பட்டா போன் சூடாகித் தானே அணைஞ்சுரும். வண்டியை நிறுத்தினா போனை எடுத்துக்கோங்க, திருட்டும் போகாது.

காதில் ஹெட்செட் மாட்டிக் கேட்கலாமா?
வேண்டாம். பின்னாடி வர்ற லாரிச் சத்தம் கேட்காது. ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வைங்க, நம்ம வேகத்துக்கு நல்லாவே கேட்கும்.

சாதாரண பட்டன் போன்தான் இருக்கிறது, என்ன செய்வது?
இதுக்காகக் கடன் வாங்கிப் புதுப் போன் வாங்காதீங்க. தினமும் தெரிஞ்ச பாதையில போறவங்களுக்கு இது தேவையே இல்லை. புது ஊருக்குப் போகும்போது, போன் வச்சிருக்கிற உறுப்பினரோட சேர்ந்து போங்க.

நினைவில் வைக்க

1. ஓடும் வண்டியில் கையில் போன் வேண்டாம்.
2. ஹோல்டர் மாட்டியதும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஆக்சிலேட்டரும் பிரேக்கும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.
3. சார்ஜருக்கு ஃபியூஸ் அவசியம். சாவியை எடுத்தால் சார்ஜர் அணைய வேண்டும்.
4. வட்டார மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள்.
5. ஊர் பேரை நின்ற இடத்திலேயே போடுங்கள்.
6. தண்ணீர் ஓடும் பாதையில் மேப்பை நம்பி இறங்காதீர்கள்.
7. டிராக்கரின் கடவுச்சொல் வண்டி ஓட்டுபவர் கையில் இருக்கட்டும்.
8. ஹெல்மெட் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.